குளிர்கால விடுமுறையில் பொது நூலகம்: முழுமையான வழிகாட்டி

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் பொது நூலகத்தின் முகமே மாறிவிடும். செய்தித்தாள் புரளும் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த கூடத்தில் குழந்தைகளின் காலடிச் சத்தம் கேட்கும். தேர்வுக்குப் படிக்கிறவர்கள், பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் தாத்தா பாட்டிகள், வீட்டுக் குளிர் தாங்காமல் வந்து உட்காருகிறவர்கள், கணினியில் விண்ணப்பம் அனுப்ப வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள். அதே சமயம் நூலகம் திறந்திருக்கும் நேரம் குறைந்திருக்கும். ஊழியர்களும் முறைவைத்து விடுப்பில் போவார்கள்.

கூட்டம் கூடி நேரம் சுருங்கும் இந்த நாட்களில், நூலகத்தின் அன்றாட ஓட்டத்தைத் தெரிந்துகொண்டு போகிறவர்களுக்குத்தான் வேண்டியது கிடைக்கிறது. எப்போது எந்தப் பகுதி நிரம்பும், திரும்பி வந்த நூல்கள் எங்கே போகின்றன, யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் இருக்காது. அவற்றைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பூமியின் தென்பாதியில் இருப்பவர்களுக்குக் குளிர்கால விடுமுறை ஜூன், ஜூலையில் வரும். மாதம் வேறானாலும் நூலகத்துக்குள் நடப்பது பெரும்பாலும் இதேதான்.

படி 1: விடுமுறை தொடங்கும் முன்பே முடிக்க வேண்டியவை

முதலில் நேரம். எந்தெந்த நாட்கள் முழு விடுமுறை, எந்த நாட்களில் அரை நாள் மட்டும் திறந்திருக்கும் என்று நூலகத்தின் வாசலில் ஒட்டியிருப்பார்கள், இணையதளத்திலும் போட்டிருப்பார்கள். கிளை நூலகங்களுக்கு ஒரு நேரம், மைய நூலகத்துக்கு இன்னொரு நேரம் என்று இருக்கலாம். அந்தப் பலகையை கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உறுப்பினர் அட்டை. பல நூலகங்களில் அட்டைக்குக் காலாவதி உண்டு. அது விடுமுறை நடுவில் முடிந்துவிட்டால், முகவரிச் சான்றோடு வரிசையில் நிற்க வேண்டிவரும். இப்போதே புதுப்பித்துவிடுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அதன் பெயரில் தனி அட்டை எடுப்பது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வேலை என்பேன். பெற்றோர் கையெழுத்து தேவைப்படும், அவ்வளவுதான். தன் பெயர் போட்ட அட்டையைத் தானே நீட்டி நூல் வாங்கும் குழந்தை, அந்த நூலைத் தன்னுடைய பொறுப்பாக எடுத்துக்கொள்கிறது. பெற்றோர் அட்டையில் எடுத்த நூலுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை.

கட்டணம் இருக்குமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யுனெஸ்கோ 1949-இல் பொது நூலகங்களுக்கென ஓர் அறிக்கையை வெளியிட்டது. 1972, 1994, 2022 ஆகிய ஆண்டுகளில் அதைத் திருத்தி எழுதினார்கள். பொது நூலகச் சேவை அடிப்படையில் இலவசமாக இருக்க வேண்டும் என்பது அதன் கொள்கைகளில் ஒன்று. சில நூலகங்கள் முன்பணமோ சிறு சந்தாவோ கேட்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் தேதிகள். இப்போது கையில் இருக்கும் நூல்களின் தவணை, நூலகம் மூடியிருக்கும் நாளில் விழுகிறதா என்று பாருங்கள். சில நூலகங்களின் கணினி தானாகவே அதைத் திறக்கும் நாளுக்குத் தள்ளிவைக்கும். சிலவற்றில் நாமேதான் புதுப்பிக்க வேண்டும். வேறொருவர் முன்பதிவு செய்திருக்கும் நூலைப் புதுப்பிக்க முடியாது என்பதால், அதைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காமல் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். அந்த இன்னொருவரும் விடுமுறைக்காகத்தானே காத்திருப்பார்.

வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க வேண்டிய நூல் ஏதாவது இருந்தால், சில வாரங்களுக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. விடுமுறைக் காலத்தில் நூல்களைக் கொண்டுவரும் வண்டியும் தபாலும் மெதுவாகத்தான் ஓடும்.

படி 2: எதைத் தேடுகிறோம் என்று ஒரு சீட்டு

நூல் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனால், அவை இல்லாதபோது வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அதனால் கேள்விகளையும் எழுதுங்கள். ‘பனி ஏன் வெள்ளையாகத் தெரிகிறது’, ‘பறவைகள் குளிரில் எங்கே போகின்றன’, ‘பழைய சட்டையில் பை தைப்பது எப்படி’ என்று எது தோன்றினாலும் சரி. ஒரு கேள்விக்குப் பத்து நூல்கள் பதில் சொல்லலாம். ஒரு பெயருக்கு ஒரே நூல்தான்.

குறிப்பிட்ட பதிப்புதான் வேண்டுமென்றால் அதன் ஐஎஸ்பிஎன் எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். 2007 முதல் இது 13 இலக்கம். அதற்கு முன் வந்த நூல்களில் 10 இலக்கம் இருக்கும். ஒரே கதைக்குச் சுருக்கப் பதிப்பும் முழுப் பதிப்பும் இருக்கும்போது, இந்த எண் இருந்தால் முன்பதிவில் குழப்பம் வராது.

படி 3: எந்த நேரத்தில் போவது

திறந்த முதல் ஒரு மணி நேரம் செய்தித்தாள் வாசகர்களுடையது. வருடம் முழுக்க வருகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வழக்கமான நாற்காலிகளும் இருக்கும். இந்த நேரத்தில் குழந்தைகள் பகுதி பெரும்பாலும் காலியாக இருக்கும். கூட்டமும் சத்தமும் ஒத்துவராத குழந்தை என்றால், அழைத்துப் போக இதைவிட நல்ல நேரம் கிடையாது. நூலகருக்கும் நின்று பேச அவகாசம் இருக்கும்.

முற்பகல் போகப் போகக் குடும்பங்கள் வர ஆரம்பிக்கும். கதை நேரம், கைவினை வகுப்பு மாதிரியான நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் வைப்பார்கள். பிற்பகலில் வாசிப்பறையில் இடம் கிடைப்பது கடினம், மின் இணைப்புப் பக்கத்தில் இருக்கும் மேசைகள் முதலில் நிரம்பிவிடும். படிக்க இடம் தேடும் மாணவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. இருட்டும் நேரத்தில் குடும்பங்கள் கிளம்பிவிட, கூடம் மறுபடி அமைதியாகும். வட பாதியில் டிசம்பர் 21 அல்லது 22-தான் வருடத்திலேயே பகல் மிகக் குறைந்த நாள். அதை ஒட்டிய வாரங்களில் இந்த மாலை அமைதி சீக்கிரமே வந்துவிடும். பெரிய நாவலோடு உட்கார விரும்புகிறவர்கள் அப்போது வாருங்கள்.

நாட்களிலும் வித்தியாசம் உண்டு. நீண்ட விடுப்புக்கு முந்தைய கடைசி நாளில் எல்லோரும் அள்ளிக்கொண்டு போவார்கள், அலமாரி வழுக்கையாக இருக்கும். மறுபடி திறக்கும் நாளில் எல்லாம் மொத்தமாகத் திரும்பி வரும். நல்ல நூல் கிடைக்க வேண்டுமென்றால், திறந்ததற்கு மறுநாள் போவதுதான் என் தேர்வு. ஒருநாள் முழுக்கத் திரும்பி வந்தவை அப்போது பதிவாகி வெளியே வந்திருக்கும்.

உடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூலகக் கட்டடங்களில் சூடு ஒரே சீராக இருக்காது. சன்னலோரம் குளிரும், உள் அலமாரிகளுக்கு நடுவே புழுங்கும். ஒரே கனமான மேலங்கிக்குப் பதில் அடுக்கடுக்காக உடுத்திப் போனால், தேவைக்கேற்பக் கழற்றிக்கொள்ளலாம். ஈரக் குடையையும் ஈரமான மேலங்கியையும் வாசலிலேயே வைத்துவிடுங்கள். காகிதத்துக்கு ஈரம் ஆகாது.

படி 4: அலமாரிக்கு நடுவே

நூலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பலர் கவனிப்பதே இல்லை. உலகத்தின் ஏராளமான பொது நூலகங்களில் அது அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876-இல் வெளியிட்ட தசம வகைப்பாட்டு எண். அறிவுத் துறைகளையெல்லாம் 000 முதல் 999 வரை பத்துப் பெரும்பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரித்துக்கொண்டே போவார்கள். விடுமுறைக்கு உதவும் சில எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாட்டுப்புறக் கதைகள் 398.2-இல் இருக்கும். வானியல் 520, வானிலை 551.5, பறவைகள் 598, சமையல் 641.5, படக்கதைகள் 741.5, புதிர்கள் 793.73, சதுரங்கம் 794.1, பயண நூல்கள் 910-இலிருந்து. காகித மடிப்புக்கலை 736-இல் ஒளிந்திருக்கும், தேடிப் போகாதவர் கண்ணில் அது படவே படாது. நாவல், சிறுகதைகளைப் பல நூலகங்கள் எண்ணில்லாமல் ஆசிரியர் பெயர் வரிசையில் தனியாக அடுக்கியிருக்கும்.

எண் தெரிந்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. நீங்கள் தேடிப் போன நூல் அங்கே இல்லாவிட்டாலும், அதன் இடத்துக்கு இடமும் வலமும் இருப்பவை அதே பொருளைப் பற்றியவைதான். கணினித் தேடலில் கண்ணில் படாத நூல்கள் இப்படித்தான் கைக்கு வருகின்றன. ஐந்து நிமிடம் அங்கேயே நின்று புரட்டுங்கள்.

அடுத்து, தள்ளுவண்டி. திரும்பி வந்த நூல்களைப் பதிவு செய்து, அலமாரிக்குக் கொண்டுபோகும் முன் ஒரு தள்ளுவண்டியிலோ தனி அடுக்கிலோ வைத்திருப்பார்கள். விடுமுறையில் அலமாரியைவிட அங்கேதான் நல்ல நூல்கள் இருக்கும், ஏனென்றால் அவை யாரோ விரும்பி எடுத்துப்போய்ப் படித்தவை. “இதிலிருந்து எடுக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அடுக்கும் வேலை அவர்களுக்கும் குறைகிறது.

புரட்டிப் பார்த்து வேண்டாமென்று விட்ட நூலை நீங்களே அலமாரியில் செருகாதீர்கள். தவறான இடத்தில் வைத்த நூல் தொலைந்த நூல்தான், அடுத்த கணக்கெடுப்பு வரை யாருக்கும் கிடைக்காது. மேசையிலோ வண்டியிலோ வைத்துவிட்டால் போதும். உள்ளேயே படித்துவிட்டு விட்டுப்போகும் நூல்களைப் பல நூலகங்கள் கணக்கில் சேர்க்கின்றன. எந்த நூலுக்குத் தேவை இருக்கிறது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

நூலை எடுக்கும்போது முதுகின் மேல் விளிம்பில் விரலைக் கொக்கி போட்டு இழுக்கும் வழக்கம் பலருக்கும் உண்டு. முதுகு கிழிவது அப்படித்தான். இரண்டு பக்கத்து நூல்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, முதுகின் நடுவில் பிடித்து எடுங்கள். குழந்தைகளுக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும்.

படி 5: நூலகரிடம் கேட்பது

நூலகத்தில் இருக்கும் வசதிகளிலேயே மிகக் குறைவாகப் பயன்படுவது நூலகர்தான் என்பது என் வருத்தம். ‘அவர்கள் வேலையாக இருக்கிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது’ என்று நினைத்து அரைமணி நேரம் சுற்றிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்கள் ஏராளம். கேள்விக்குப் பதில் தேடிக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான், அதற்காகவே படித்து வந்தவர்கள். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தைக் காப்பாற்று, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். நான்காவது விதியைப் பாருங்கள். உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துவது அவர்களுடைய தொழில்விதி.

எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் பயிற்சி வேண்டும். “அறிவியல் நூல் இருக்கிறதா?” என்று கேட்டால் ஒரு வரிசை அலமாரியைத்தான் காட்ட முடியும். “எட்டு வயதுப் பையன். விண்கற்கள் என்றால் பைத்தியம். படம் நிறைய இருக்க வேண்டும், நீளமாக இருந்தால் மூடிவிடுவான்” என்று சொல்லிப் பாருங்கள். யாருக்கு, எதற்கு, எவ்வளவு ஆழமாக என்ற மூன்றையும் சொல்லிவிட்டால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கடைசியாக ரசித்துப் படித்த நூலின் பெயரைச் சொல்வது இன்னும் நல்லது. அதில் என்ன பிடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே துப்பறியும் கதையை ஒருவர் மர்மத்துக்காகப் படிப்பார், இன்னொருவர் அந்த ஊர்க் காட்சிகளுக்காகப் படிப்பார். இருவருக்கும் அடுத்த நூல் வேறு வேறு.

பெயர் மறந்துபோன நூலையும் கேட்கலாம். அட்டை என்ன நிறம், எத்தனை வருடத்துக்கு முன் படித்தது, கதையில் யார் வருகிறார்கள் என்று நினைவில் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள். அவர் எதிர்க்கேள்வி கேட்டால் எரிச்சல்படாதீர்கள், அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தேடலைச் சுருக்குகிறார். பின்னால் வரிசை நீண்டிருந்தால், கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்லலாம். மருந்து, சட்டம் மாதிரியான விஷயங்களில் நூலைத்தான் காட்டுவார், ஆலோசனை சொல்ல மாட்டார். அது சரியான வழக்கம்.

குழந்தை கேட்க வேண்டியதைக் குழந்தையே கேட்கட்டும். பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் குறுக்கே பேசாதீர்கள்.

படி 6: கதை நேரமும் குழந்தைகள் பகுதியும்

கதை நேரத்துக்கு வயதுப் பிரிவு போட்டிருப்பார்கள். அண்ணனுக்கான நிகழ்ச்சிக்குத் தம்பியையும் கூட்டிப்போனால் இருவருக்குமே நிறைவு இருக்காது, முடிந்தவரை பிரிவைப் பின்பற்றுங்கள். இடத்துக்கு முன்பதிவு வேண்டுமா என்று முதல் நாளே கேளுங்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போனால் குழந்தை இடத்தைச் சுற்றிப் பார்த்துப் பழகிக்கொள்ளும். நடுவில் எழுந்து நடந்தால் பதற்றம் வேண்டாம், நடந்துகொண்டே கேட்கும் குழந்தைகள் நிறைய உண்டு. அழ ஆரம்பித்தால் சத்தமில்லாமல் வெளியே கூட்டிப்போய், அமைதியானதும் திரும்பி வரலாம். பெரியவர்கள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டுக் கதையைக் கேட்டால் குழந்தையும் கேட்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் இரவல் மேசைக்கு ஓடுவார்கள். நீங்கள் கால்மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, சொன்ன கதையைப் பற்றிக் குழந்தையோடு பேசிக்கொண்டிருங்கள். வரிசையும் கரைந்துவிடும்.

நூல் தேர்வில் குழந்தைக்கே முடிவு. சென்ற வாரம் எடுத்த நூலையே மறுபடி எடுத்தால் எடுக்கட்டும். படக்கதை மட்டும்தான் வேண்டுமென்றால் அதுவும் வாசிப்புதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. தானாகப் படிக்கத் தகுந்ததா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். புரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை நீட்டட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் நீண்டுவிட்டால், தனியாகப் படிக்க இப்போதைக்குக் கடினம். அதற்காகத் திருப்பி வைக்க வேண்டாம், அதை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். காதால் கேட்கும்போது குழந்தைகளுக்குப் புரிவது, கண்ணால் படிக்கும் நிலையைவிடப் பொதுவாக ஒரு படி மேலே இருக்கும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுமுறையில் நூலகத்திலேயே வேலை இருக்கும். கைவினைப் பொருட்களை வெட்டி வைக்க, சிறியவர்களுக்குப் படித்துக் காட்ட, நூல்களை எண் வரிசையில் சரிபார்க்க ஆள் தேவைப்படும். வயது வரம்பைக் கேட்டுக்கொண்டு பெயர் கொடுக்கலாம். குழந்தைகளைத் தனியாக விட்டுப்போவதற்கும் வயது வரம்பு உண்டு. நூலகர் காப்பகம் நடத்தவில்லை, அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வெளியே போவது யாருக்கும் நல்லதல்ல.

படி 7: கணினியும் அச்சும்

ஆண்டு இறுதியில் விண்ணப்பக் கெடுக்கள் குவிவதால் கணினிகளுக்கு நேரம் ஒதுக்கியே தருவார்கள். கடவுச்சொற்களை நினைவில் வைத்துக்கொண்டு போங்கள். அச்சிட வேண்டிய கோப்பை முன்கூட்டியே பிடிஎஃப் ஆக மாற்றி வைத்திருங்கள். எழுந்திருக்கும் முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, பதிவிறக்கிய கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அடையாள அட்டையின் நகலை ஸ்கேனர் கண்ணாடியிலேயே மறந்துவிட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது, மூடியைத் தூக்கிப் பாருங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த நூல்கள்

நூலக நூல்களுக்கென்று வீட்டில் ஒரே இடம் வையுங்கள், சொந்த நூல்களோடு கலக்க வேண்டாம். ரசீதுச் சீட்டை அதே இடத்தில் ஒட்டினால் எத்தனை எடுத்தோம், எப்போது கொடுக்க வேண்டும் என்பது கண்முன்னே இருக்கும். ஹீட்டர், அடுப்பு, ஈரம் கசியும் வெளிச்சுவர், இவற்றின் அருகே வைக்காதீர்கள். சூட்டில் அட்டை வளையும், ஈரச் சுவரோரம் பூஞ்சை வரும்.

மழையிலோ பனியிலோ நூல் நனைந்துவிட்டால், ஓரம் மட்டும் ஈரமா, முழுக்கவா என்று முதலில் பாருங்கள். ஓரம் மட்டும் என்றால், சில பக்கங்களுக்கு ஒன்றாக உறிஞ்சும் வெள்ளைத் தாளைச் செருகி, மின்விசிறிக் காற்றில் விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள். தாளை அடிக்கடி மாற்ற வேண்டும். சூடான காற்று வேண்டாம், பக்கங்கள் சுருங்கிவிடும். நன்றாக நனைந்திருந்தால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை தொடங்கிவிடலாம். நூலகம் மூடியிருந்தால், நெகிழித் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைப்பது அவகாசம் வாங்கித் தரும். பளபளப்பான தாள் கொண்ட நூல்கள் ஈரத்தோடு உலர்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றுக்கு இது இன்னும் அவசரம். கிழிந்த பக்கத்தைச் சாதாரண ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். நாளடைவில் அது மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும். நனைந்ததோ கிழிந்ததோ, கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள். அவர்களிடம் அதற்கான பசையும் தாளும் இருக்கின்றன.

படி 9: மூடியிருக்கும் நாட்களும் பயணமும்

உங்கள் நூலகத்தில் மின்னூல், ஒலிநூல் சேவை இருந்தால் அதற்கு விடுமுறையே கிடையாது. தவணை முடிந்ததும் அவை தாமாகவே திரும்பிவிடுவதால் தாமதக் கட்டணமும் இல்லை. ஆனால் மின்னூலுக்கும் வரிசை உண்டு. பல உரிமங்கள் ஒரு பிரதி, ஒரு வாசகர் என்ற கணக்கில்தான் வருகின்றன. பிரபலமானவற்றுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் வீட்டு இணையத்திலேயே இறக்கிக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள். நீண்ட பயணத்துக்குக் குடும்பமே சேர்ந்து கேட்க ஓர் ஒலிநூல், குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மெல்லிய நூல்கள் போதும். கனமான நூலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

படி 10: திருப்பிக் கொடுப்பதும் நன்கொடையும்

மூடிய நாட்களில் வெளியே இருக்கும் திரும்பப்பெறும் பெட்டியில் போடலாம். போட்ட நாளா, திறந்து பதிவு செய்யும் நாளா, எது கணக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். பெட்டி நிரம்பியிருந்தால் திணிக்காதீர்கள், வெளியே தரையிலும் வைக்காதீர்கள். ஓர் இரவு மழை போதும், அத்தனையும் வீண். குறுந்தகடு உள்ள நூல்களையும் பெரிய படநூல்களையும் மேசையில் நேரில் கொடுப்பதே நல்லது. உள்ளே பணம், ரசீது, குழந்தை வரைந்த படம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை உதறிப் பாருங்கள்.

ஆண்டுக் கடைசியில் வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் பழைய நூல்களைப் பெட்டி பெட்டியாக நூலக வாசலில் இறக்கிவிடுவது உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் முதலில் கேளுங்கள். பாடத்திட்டம் மாறிப்போன பாடநூல்கள், காலாவதியான சட்ட, மருத்துவ நூல்கள், தொகுதி குறைந்த கலைக்களஞ்சியங்கள் அலமாரிக்குப் போகாது. பூஞ்சை பிடித்த ஒரே நூல் பக்கத்து நூல்களுக்கும் அதைப் பரப்பிவிடும். நல்ல நிலையில் இருக்கும் கதைநூல்கள், குழந்தை நூல்கள், அண்மையில் வந்தவை என்றால் பட்டியல் எழுதி நூலகரிடம் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுத்தவற்றை மட்டும், விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு காலை வேளையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.